நிலைமை மாறியா, காத்திருப்பிடமா?

ஒரு பொருளுக்கு ஆங்கிலத்தார் பொருந்தாமல் இட்ட பெயரை நாமும் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்துக்கொண்டு, கலைச்சொல் படைத்துவிட்டோம் என்று இறும்பூது எய்துவது தமிழ்த்தொண்டு ஆகாது. நிரலியலில் 'கண்டிசன் வேரியபிள்' என வழங்கும் சொல் இதற்கு நல்ல சான்று. இதனை 'நிபந்தனை மாறி' என எழுதலாம். நிபந்தனை வடசொல்லாயிற்றே என்று நீக்கி 'நிலைமை மாறி' எனவும் எழுதலாம். பின்னது தூயது, ஆயினும் முன்னது வீழ்ந்த அதே குழியிற்றான் அதுவும் கிடக்கின்றது. நம்மவரையே குறை சொல்வதா என அன்பர்கள் வருந்தற்க. வடசொல்லை விலக்குவது முதற்படி; பொருளைப் பிழையறச் சுட்டுவது அதற்கு அடுத்த படி. முதற்படியிலேயே நின்றுவிடுவோர் நம்முள் பலர்.

பொருள் யாதெனப் பார்ப்போம். கணினியில் ஒரே நிரல் ஒரே காலத்தில் பல வேலைகளை நடத்தும். ஒவ்வொரு வேலையோட்டமும் 'இழை' எனப்படும். (கயிறு திரிக்கும் எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தாரைக் கேட்டிருந்தால் 'புரி' என்றிருப்பர். ஆனால் இழை வேரூன்றிவிட்டது. ஊன்றிய நல்ல சொல்லைப் பிடுங்குவது உழவனுக்கும் அழகன்று, புலவனுக்கும் அழகன்று.) இழைகள் பலவும் ஒரே பொருளைக் கையாளும்போது ஒன்றையொன்று கெடுக்காதிருக்க ஒரு பூட்டு வேண்டும். ஓர் இழை மற்றோர் இழையின் வேலை முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். இக்காத்திருத்தலுக்கென அமைந்த கருவியே நாம் பேசுவது.

பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் நிலத்தை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்து நீர் விடுவதை இப்பக்கத்து அன்பர்கள் அறிவர். அங்கே ஒரு கிளை வாய்க்காலை மனத்திற் கொள்க. மடைக்கு ஒரே பூட்டு, ஒரே திறவுகோல். அது கையிலிருப்பவனே வாய்க்காலைப் பார்க்கவும் மடையைத் திறக்கவும் உரியன். கடைமடை உழவன் திறவுகோலோடு வந்து பார்க்கின்றான்; நீர் இல்லை. திறவுகோலை இடுப்பிற் செருகிக்கொண்டு உறங்கினால், மேல்மடையான் நீரைத் திருப்ப வழியின்றி இருவரும் விடியுமளவும் கிடக்க வேண்டியதுதான். ஆகவே திறவுகோலை வெளியில் மாட்டிவிட்டுச் சாளைக்குள் படுக்கின்றான். மாட்டுவதும் உட்புகுவதும் இடைவெளியின்றி ஒரே செயலாக நிகழ வேண்டும். நீரைத் திருப்பிய மேல்மடையான் சாளைக் கதவைத் தட்டுகின்றான். உள்ளே ஆளிருந்தால் எழுவான். இல்லையேல் தட்டிய ஓசை காற்றோடு போயிற்று. எழுந்தவனும் திறவுகோலை மீண்டும் பெற்ற பிறகே வாய்க்காலைப் பார்க்கலாம்.

இதில் எது 'கண்டிசன் வேரியபிள்'? நீர் வந்ததா வரவில்லையா என்னும் நிலைமையா? அன்று, சாளையே அது. நிலைமை வாய்க்காலில் இருக்கின்றது. சாளைக்கு நீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தட்டப்பட்டதையும் அது நினைவில் வைப்பதில்லை. எனவே அது நிலைமையும் அன்று, மதிப்பேற்று மாறும் மாறியும் அன்று. இஃது என் கண்டுபிடிப்பில்லை. இக்கருவியை விரித்தெழுதிய தோனி கோர் என்னும் ஆங்கில அறிஞரே, தம் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையில், இதனுள் நிரல் படித்தறியத்தக்க மதிப்பு எதுவும் இல்லையென்றும், உண்மையில் இது காத்திருப்போர் வரிசையே என்றும் குறித்துவைத்தார். அவர் காலத்தவரான தேனிசு அறிஞர் பெர் பிரிஞ்சு ஆன்சன் தம் நிரல்மொழியில் இதற்கு 'வரிசை' என்னும் பொருளுடைய பெயரையே இட்டார். நல்ல பெயர் வழக்கில் தோற்றது. பொருந்தாப் பெயர் வென்றது. ஆங்கிலத்திலும் அப்படி நடப்பதுண்டு போலும்!

பெயரில் என்ன இருக்கின்றது என்பார்க்கு ஒன்று சொல்வேன். என்னிடம் பள்ளியில் தமிழ் பயின்று பொறியியல் முடித்த மாணவர் ஒருவர், ஆலைப் பொறிகளின் அளவீடுகளைத் திரட்டும் நிரலொன்றை விண்டோசிலிருந்து இலினக்சுக்கு மாற்றினார். விண்டோசு நிரற்றொகுதியில் அவர் கையாண்டது 'ஈவெண்ட்டு' என்னும் கருவி. இதுவும் சொல்லுக்குச் சொல் 'நிகழ்வு' என்றே பெயர்க்கப்படும்; ஆனால் தொழிலால் அது கொடி. ஒருவன் ஏற்றினால், இறக்கும்வரையோ காத்திருந்த ஒருவன் கண்டு செல்லும்வரையோ நிற்கும். காலந்தாழ்ந்து வந்தவனும் அதைக் காண்பான். புதிய இடத்தில் போசிக்சு நிரற்றொகுதியின் 'கண்டிசன் வேரியபிளை' அதற்கு மாற்றாக வைத்தார். பெயரிலேயே நிலைமையும் மாறியும் இருக்கின்றனவே, நிலைமையை அது நினைவில் வைத்திருக்கும் என்று நம்பினார். ஓர் இழை முன்னதாகத் தட்டிவிட்டுப் போயிற்று, மற்றது பிந்தி வந்து படுத்தது, பின்னர் எழவேயில்லை. நிரல் பத்து முறை ஓடும், பதினோராம் முறை உறைந்து நிற்கும். மூன்று இரவு அவர் உறங்கவில்லை. முடிவிற் செய்ததெல்லாம், 'அளவீடு வந்தது' என்னும் செய்தியைத் தனியே ஒரு மாறியில் பூட்டின் காவலில் எழுதி, காத்திருக்குமுன் அதனைப் பார்த்ததே.

'சாளை என்று சொல்லிக்கொடுத்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும், ஐயா' என்றார் அவர். வல்லுநரும் இடறும் இடம் இது. இலினக்சில் பெரிதும் வழங்கும் சி நிரற்றொகுதியில் 2017இல் இக்கருவி புதுக்கி எழுதப்பட்டபோது, அரிதாக எழுப்பல் தொலைந்துபோகும் பழுதொன்று புகுந்தது. 2025இன் தொடக்கத்தில் வெளிவந்த பதிப்பிலேதான் அது நீங்கிற்று.

'உலகெங்கும் ஒரே கலைச்சொல் வழங்க, நீங்கள் மட்டும் ஏன் தனிச்சொல் படைக்கின்றீர்?' என்பது ஆங்கிலவழி அன்பர்களின் பழைய வினா. ஒரே சொல்லா வழங்குகின்றது? கதவைத் தட்டும் ஒரே வினைக்குப் போசிக்சில் 'சிக்னல்'. 1996இல் வெளிவந்த சாவாவில் 'நோட்டிபை'. அதே சாவாவில் 2004இல் சேர்ந்த புதிய தொகுதியில் மீண்டும் 'சிக்னல்'. மைக்ரோசாப்ட்டின் தாட்டுநெட்டில் நாடித்துடிப்பைக் குறிக்கும் 'பல்சு'. அதே நிறுவனம் விசுட்டாவில் இக்கருவியைச் சேர்த்தபோது 'வேக்கு'. சொல்லைப் பெயர்த்தால் கைகாட்டல், அறிவித்தல், துடித்தல், எழுப்பல் என ஒரு வினைக்கு நான்கு தமிழ்ச்சொற்கள் வரும். நிரற்றொகுதி மாறுந்தோறும் மாணவன் புதிதாய் நெட்டுருப் போடுவான். தொழிலைப் பெயர்த்தாலோ எல்லாம் 'எழுப்பல்' ஒன்றே. நிரலில் எழுதும் ஆங்கிலச் சொல்லை எவரும் மாற்றச் சொல்லவில்லை. எழுதுபவன் தலைக்குள் இருக்க வேண்டிய சொல்லையே பேசுகின்றோம்.

இன்னொன்று, இலக்கண ஆசிரியனாகிய எனக்கு மிகவும் உவப்பானது. கோர் வகுத்த முறையில், எழுப்புவோன் திறவுகோலை எழுந்தவன் கையிலேயே நேரே கொடுப்பான். ஆகவே எழுந்தவன் மறுபடி வாய்க்காலைப் பார்க்க வேண்டியதில்லை. 'நீர் இல்லையாயின் காத்திரு' என்றாலே போதும். 1980இல் இலாம்ப்சன், இரெடல் என்னும் இருவர் 'மெசா' மொழியிற் பெற்ற பட்டறிவை எழுதியபோது இதனைத் தளர்த்தினர். எழுப்பல் ஒரு குறிப்பே. திறவுகோல் கைக்கு வருமுன் வேறொருவன் நீரைத் திருப்பியிருக்கலாம். எவரும் தட்டாமலே விழிப்பு வருவதும் உண்டு. இன்றைய நிரற்றொகுதிகள் பெரும்பாலும் இவர்கள் வழியே செல்வன. ஆகவே 'நீர் இல்லாத வரை காத்திரு' என்றே எழுதுதல் வேண்டும். 'ஆயின்' ஒருமுறை பார்க்கும். 'வரை' விழிக்குந்தோறும் பார்க்கும். எட்டாம் வகுப்பு மாணவனும் அறிந்த வேறுபாடு இது.

பூ. சா. கோ. கல்வி நிறுவனங்களைச் சார்ந்த தாமோதரனார் கோவையிலிருந்து 'கலைக்கதிர்' நடத்தி, அறிவியல் தமிழில் நடக்கும் என்று காட்டினார். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது கணினியியல் அவற்றுள் இல்லை. சொல் இல்லை என்று சாக்குச் சொல்வோர்க்குச் சொற்களைக் கையில் கொடுப்பது நம் கடன்.

ஆதலின் 'காத்திருப்பிடம்' என்பதை முன்வைக்கின்றேன். 'வரிசை' என்னாமைக்குக் காரணம், முதலில் வந்தவனே முதலில் எழுவான் என்னும் உறுதியை இன்றைய நிரற்றொகுதிகள் பலவும் தருவதில்லை என்பதே. 'சாளை' எனக்கு விருப்பமானது. ஆயினும் கொங்குக்கு வெளியே விளங்காது. ஒருவனை எழுப்புதல் 'எழுப்பல்'. தட்டாமல் வரும் விழிப்பு 'பொய்விழிப்பு'. எல்லாரையும் ஒருங்கே எழுப்புவதை ஆங்கிலத்தார் 'பிராட்காசுட்டு' என்பதனால் அதனை 'ஒலிபரப்பு' என எழுதத் தோன்றும். அங்கே ஒலியுமில்லை, பரப்பலுமில்லை, 'அனைத்தெழுப்பல்' என்க.