குக்கர் வெயிட்டும் என் அக்கா மகன் காரும்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் இயற்பியல் வகுப்பில் 'சூபாப்' என்ற சொல் வரும். வால்வு என்று அர்த்தம். அறுபது வருஷம் கழித்து அது என் அக்கா மகன் காரிலிருந்து திரும்பி வந்தது.

தன் பழைய பெட்ரோல் காருக்கு வெளியில் ஒரு டர்போ கிட் வாங்கி மாட்டினான். (1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை எடுத்துச் சொன்னேன். கேட்கிற வயசா?) எஞ்சினின் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். அதுதான் டர்போ. அழுத்தம் மீறாமலிருக்க 'வேஸ்ட்கேட்' என்றொரு கதவு. பிரெஞ்சில் சூபாப் த தெஷார்ழ். ஏறக்குறைய நம் வீட்டு குக்கர் வெயிட் வேலைதான். காற்றழுத்தம் ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக வந்து ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளும். கதவு திறந்து, மிச்சப் புகை சக்கரத்தைத் தொடாமல் சைலன்சர் பக்கம் போய்விடும். அந்த ஹோஸ் கழன்றால் கதவு திறக்கவே திறக்காது.

இவன் காரில் ஸ்பிரிங் அரை பார். ஆனால் மிதிக்க மிதிக்க மீட்டர் ஒரு பார் வரை ஏறியது. "கன்ட்ரோலர் போட்டா குறைஞ்சிடும் சார்" என்று மெக்கானிக் இன்னும் பணம் வாங்கினார். எப்படிக் குறையும்? கன்ட்ரோலரால் அழுத்தத்தை ஸ்பிரிங் அளவுக்கு மேலே ஏற்றலாம், கீழே இறக்க முடியாது. கோளாறு கதவில். அது சின்னது; இவனோ சத்தத்துக்கு ஆசைப்பட்டு அகலமான சைலன்சர் குழாய் வேறு போட்டிருந்தான். கதவு முழுக்கத் திறந்தும் புகை அதில் அடங்காமல் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் வாரம் திண்டிவனம் சாலையில் பிஸ்டனில் ஓட்டை.

1977-இல் ரெனோ கம்பெனி டர்போ காரை ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குக் கொண்டுவந்தபோது அது புகை கக்கி நின்று நின்று, 'மஞ்சள் டீ கெட்டில்' என்று பெயர் வாங்கியது. 1979-இல் திஜோனில்தான் முதல் வெற்றி. அவர்களுக்கே இரண்டு வருஷம். நம் ஆட்கள் இரண்டே நாளில் மாட்டிக் கொடுக்கிறார்கள்.

விற்கிறவர்கள் குதிரைசக்தியை மட்டும் சொல்கிறார்கள். கதவு எத்தனை மில்லிமீட்டர், ஸ்பிரிங் எத்தனை பார், மீறினால் பெட்ரோலை நிறுத்த ஏற்பாடு உண்டா? இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள் என்பேன். குமாஸ்தா புத்தி என்று சிரித்தாலும் பரவாயில்லை.

நேற்று வந்திருந்தான். "மாமா, கதவை மட்டும் பெருசாப் போட்டா சரியாயிடும்ல?" என்கிறான். அக்கா உள்ளே காபி கலந்துகொண்டிருந்தாள், நான் குரலைத் தாழ்த்தி, "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டேன்.