தண்ணீர் எங்கே போகிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் மலை ஏற்றம் தொடங்கிவிடும். அரிசி, சிமெண்டு ஏற்றிய லாரிகள் ஊர்ந்து போகும். வளைவு ஓரத்தில் ஒரு பழைய லாரி நிற்கும். முன்பக்கத்தில் குபுகுபு என்று ஆவி! கிளீனர் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடி ஓடுவார். ஊற்றுவார்கள். புறப்படுவார்கள். நாலு வளைவு தாண்டினால் மறுபடியும் அதே கதை.

"பழைய வண்டி, தண்ணீர் குடிக்கத்தான் செய்யும்" என்று சமாதானம் சொல்கிறார்கள். இது தவறு. எந்த லாரியும் தண்ணீர் குடிப்பதில்லை. என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? கோவை, மோட்டார் பம்புக்குப் பேர்போன ஊர். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் லாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். கிணற்றுப் பம்பு ஒழுகினால் அன்றைக்கே ஆள் கூப்பிடுகிறார்கள். லாரி ஒழுகினால் மட்டும் குடத்தைத் தேடுவது என்ன நியாயம்?

ஓட்டையைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. இரவில் வண்டியை நிறுத்தியதும் என்ஜினுக்கு அடியில் பழைய அட்டையை விரித்து வைத்தால் போதும். காலையில் ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே பார்க்க வேண்டும். காய்ந்த வெள்ளைக் கறையும் ஒரு சாட்சிதான். ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. துளையை அடைத்துப் பயனில்லை. பம்பைத்தான் பழுது பார்க்க வேண்டும்.

அட்டையில் ஈரமே இல்லையா? அடுத்து ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி அல்ல. வீட்டுப் பிரஷர் குக்கர் செய்கிற வேலையை அது செய்கிறது. சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஊட்டி உயரத்தில் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் அழுத்தம்தான் அதைத் தடுக்கிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் தண்ணீர் ஆவியாகிப் பறந்துவிடும்.

மூடியும் நன்றாக இருந்தால், கோளாறு உள்ளே! சைலன்சரில் ஓயாத வெள்ளைப் புகை வரும். ஆயில், பால் கலந்த காப்பிபோல மாறும். குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரும். இவை தெரிந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. அதற்கு மேல் ஒரு மைல்கூட ஓட்டக்கூடாது.

மஞ்சள் தூள் போட்டு ஒழுகலை அடைக்கும் கைவைத்தியமும் உண்டு. ஊர் வந்து சேர அது உதவலாம். ஆனால் அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். போர்வெல் உப்புத் தண்ணீர் இன்னும் மோசம். வெந்நீர்க் குண்டாவில் படிகிற சுண்ணாம்பு, ரேடியேட்டரிலும் படியும். சுத்தமான நீரில் கூலண்ட் கலந்து ஊற்றுவதே நல்லது. ஆனால் அதை வீட்டில் சோடா பாட்டிலில் வைக்கக்கூடாது. பெரும்பாலான கூலண்ட் இனிக்கிற விஷம், குழந்தை குடித்துவிடும்.

எல்லாவற்றிலும் கொடுமை, கொதிக்கும்போதே மூடியைத் திறப்பதுதான். வெந்நீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். திறக்கப் போகிறவர் பெரும்பாலும் கிளீனர். ஹோஸ் மாற்றப் பணம் தர யோசித்த முதலாளி, அப்போது வீட்டில் இருப்பார். சூட்டோடு பச்சைத் தண்ணீரை ஊற்றினால் என்ஜின் ஹெட்டும் விரிசல் விடக்கூடும். என்ஜினை நிறுத்தி, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிட வேண்டும். பிறகு சாக்கை மடித்து வைத்து மூடியை மெல்லத் திருப்பலாம். அதற்கு அரை மணிக்கு மேலும் ஆகும். ஆகட்டும். ஊட்டிக் கடைக்காரர் அரிசிக்குக் கொஞ்சம் காத்திருப்பார்.