ஆணி அடிக்கக் கூடாத சுவர்கள்

வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் தமிழ்நாடெங்கும் செல்லுபடியாகும் விதி ஒன்றுண்டு: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கொல்லிமலையிலிருந்து பிழைப்புக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் சேந்தமங்கலத்துக்கோ நாமக்கல்லுக்கோ இறங்கிவரும் குடும்பங்கள் முதலில் கற்றுக்கொள்ளும் நகர்ப்புற ஒழுக்கம் இதுதான். இறந்துபோன தாயின் படம், மாலை போட இடமில்லாமல், அரிசி டிரம்மின் மேல் சாய்ந்து நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை திவசத்தன்று மட்டும் அது நாற்காலிக்கு வரும். வீட்டுக்காரர்மீது மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. குடிவந்தவர் ஒவ்வொருவரும் பத்து ஆணி அடித்துப் பிடுங்கிச் சென்றால் சுவர் சல்லடையாகத்தான் ஆகும். இரு தரப்புக்கும் நியாயம் இருக்கிற இந்த வழக்கைத் தீர்க்க ஒரு மரச்சட்டம் போதும் என்பது நம் கட்சி.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வீட்டின் கூரைக்குச் சற்றுக் கீழே, சுவரைச் சுற்றிலும், விளிம்பு இழைத்த மரச்சட்டம் ஒன்றை ஓட்டியிருப்பார்கள். அதன் மேல்விளிம்பில் வளைந்த பித்தளைக் கொக்கியைப் போட்டு, கம்பியிலோ கயிற்றிலோ படத்தைத் தொங்கவிடுவார்கள். பார்க்க அலங்காரம், உண்மையில் சுண்ணாம்புப் பூச்சு ஆணிக்கு உதிரும் என்ற அச்சத்தில் பிறந்த உபாயம். நம்மிடமும் அந்த அச்சம் இருந்தது. முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த செட்டிநாட்டுச் சுவரில் கண்ட இடத்தில் ஆணி இறக்க யாருக்கு மனம் வரும்? பழைய வீடுகளில் படங்கள் மேலே ஒரே வரிசையில், முன்பக்கம் சற்றுக் கவிழ்ந்து நிற்பதைக் கண்டிருப்போம். நிமிர்ந்து பார்ப்பவனுக்குக் கண்ணாடி பளபளக்காமல் முகம் தெரிய வேண்டும் என்பதற்கான சாய்வு அது. அந்தச் சாய்வின் பின்னால் சிட்டுக்குருவி குடும்பம் நடத்தியது தனிக்கதை.

1894இல் ரவிவர்மா மும்பையில் அச்சகம் நிறுவிய பின்னர், தெய்வ உருவங்கள் எளியோர் சுவருக்கும் வந்தன. பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் சிவகாசி அச்சகங்களும் சேர்ந்து படமில்லாத வீடே இல்லை என்றாக்கின. படங்கள் பெருகிய வேகத்தில் அவற்றைத் தாங்கும் முறை வளரவில்லை. ஆணியே கதி என்று நின்றுவிட்டோம்.

படத்துக்கும் கொல்லிமலைக்கும் உள்ள உறவு பழையது. காற்று மோதினாலும் மழை பெய்தாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் எழில் குலையாத பாவை ஒன்று இம்மலையின் மேற்குப் பக்கத்தில் இருப்பதாக நற்றிணையில் பரணர் பாடியிருக்கிறார். தெய்வம் செய்த பாவைக்கு அது சாத்தியம். மனிதர் எடுத்த புகைப்படத்துக்கு இம்மலையின் ஈரம் ஒரு மழைக்காலத்திலேயே வேலையைக் காட்டிவிடும். சுவரோடு ஒட்டி மாட்டிய படத்தில் பூஞ்சை பின்னட்டையிலிருந்து புறப்பட்டு முகத்தைத் தின்னும். சட்டத்திலிருந்து தொங்கும் படம் மேற்பக்கம் சுவரைவிட்டு விலகி நிற்பதால் பின்னால் காற்று புகும். மலைக்கு இந்தச் சட்டம் வேண்டும் என்பதற்கு நாம் சொல்லும் முதற்காரணம் அழகன்று, இதுதான்.

இரண்டாவது காரணம் சுவரே. மண் சுவரும் புல் கூரையும் போய் ஹாலோ பிளாக் சுவர்கள் வந்துவிட்டன. உள்ளே பொள்ளலான கல்லில் ஒற்றை ஆணி பிடிமானமின்றி ஆடும். போதாக்குறைக்குச் சுவருக்குள் மின்கம்பிக் குழாய் எங்கே ஓடுகிறது என்று குடியிருப்பவருக்குத் தெரியாது. கட்டும்போதே, குழாய் போகும் வழி கொத்தனார் நினைவில் இருக்கும்போதே, சட்டத்தைப் பொருத்திவிட்டால் அதன் பிறகு யாரும் துளையிட வேண்டியதில்லை. பாரமும் ஒரு புள்ளியில் இறங்காமல் பல திருகாணிகளுக்குப் பகிர்ந்து போகும்.

வேலை பெரிதன்று. ஜன்னல் லிண்டலுக்கு மேலே, தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்த்துக் கோடு போட வேண்டும். தரை கோணலாக இருக்கலாம். கோடு தண்ணீரின் சொல்லையே கேட்க வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒரு துளை, பிளக், திருகாணி. பொள்ளல் கல்லாயின் கல்லும் கல்லும் சேரும் சிமெண்டுப் பூச்சைத் தேடித் துளையிடுவது மேல். மூலையில் இரு துண்டுகளையும் நாற்பத்தைந்து பாகையில் அறுத்துச் சேர்க்க வேண்டும். ஆசாரியின் கை தெரிவது அந்த ஓரிடத்தில்தான். சட்டத்தின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே கொக்கி உட்கார ஒரு பள்ளம் அவசியம். அதை மறந்து இழைத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் அலங்காரப் பட்டை.

மரத்துக்குத் தேக்கைத் தேட வேண்டாம். மிளகுக்கொடி ஏறுவதற்கென்று இம்மலைத் தோட்டங்களில் வளர்க்கும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததாயினும், இழைப்புக்கு வளைந்து கொடுக்கும். ஆனால் பச்சையாக அறுத்துப் பொருத்தினால் முறுக்கிக்கொள்ளும்; நன்றாக உலர்த்த வேண்டும், பூச்சி மருந்தும் அடிக்க வேண்டும். நம்மைக் கேட்டால் பலாவையே சொல்வோம். கரையான் எளிதில் அண்டாது. தஞ்சாவூரில் வீணை கடையும் மரம், படம் தாங்கவா அஞ்சும்?

வாடகைக்கு விடுகிறவர் குழாயும் மின்விசிறியும் போட்டுத் தருவதுபோல இதையும் போட்டுத் தரலாம். அரசு கட்டித்தரும் தொகுப்பு வீடுகளிலும் ஒரு சுவருக்கேனும் சேர்க்கலாம். பத்தடிச் சுவருக்கு பத்தடி மரம், ஏழெட்டுத் திருகாணி, நான்கு கொக்கி.