தமிழ் பேசுற மூளைக்கு எவ்வளவு ஒதுக்கினீங்க?

தோழர்களே, பக்கவாதம் வந்த சிலருக்குக் கை கால் அசைய ஆரம்பிச்ச பிறகும் பேச்சு வராது. நாம சொல்றது புரியும். பதில் சொல்ல வார்த்தை கிடைக்காது. இதுக்குப் பேர் அஃபேசியா. மூளையின் இடது முன்பகுதி பழுதானா பேச்சு போகும்னு பிரான்ஸ் மருத்துவர் பால் புரோக்கா 1861லேயே காட்டிட்டார்.

அதுக்கப்புறம் நடந்த ஆராய்ச்சியில பெரும்பங்கு ஆங்கிலம் மாதிரி சில ஐரோப்பிய மொழிகளை வெச்சுத்தான். நம்ம மொழி அப்படியா இருக்கு? 'வரமாட்டேங்கிறாங்க' நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்துல ஒரு வாக்கியம். வீட்ல பேசுறது ஒரு தமிழ், புத்தகத்துல இருக்கிறது வேற தமிழ். பேச்சை இழந்தவருக்கு எந்தத் தமிழ்ல இருந்து பயிற்சியைத் தொடங்கணும்? ஆங்கிலப் பரிசோதனையை மொழிபெயர்த்து வெச்சா இதுக்குப் பதில் கிடைக்காது.

2022ல அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 45 மொழி பேசுறவங்களை ஸ்கேனர்ல படுக்க வெச்சு, அவங்கவங்க தாய்மொழியில கதை கேட்க வெச்சாங்க. தமிழும் அதுல உண்டு. ஆனா மொழிக்கு ரெண்டு பேர் கணக்குதான்! எல்லா மொழிக்கும் மூளையில ஒரே வலைப்பின்னல்தான் வேலை செய்யுதுன்னு காட்ட அது போதும். நம்ம ஊர் நோயாளிக்குச் சிகிச்சை வகுக்கப் போதுமா?

இங்கே யார் செய்வது? 2020-21ல நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவே ஜி.டி.பி.யில 0.64 சதவீதம்தான் இருந்துச்சு. 2023ல சட்டம் போட்டுக் கொண்டுவந்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு 5 வருஷத்துக்கு 50,000 கோடின்னு விளம்பரம். அதுல ஒன்றிய அரசின் பங்கு 14,000 கோடி. மீதி 36,000 கோடி தனியார் உள்ளிட்ட வெளி ஆட்கள்கிட்ட இருந்து வரணுமாம்.

தனியார் தரமாட்டாங்களான்னு கேட்டா, தர்றாங்க. சென்னை ஐ.ஐ.டி. மூளை ஆய்வு மையமே இன்ஃபோசிஸ் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் கொடுத்த நன்கொடையில எழுந்ததுதான், நல்ல விஷயம். ஆனா அரசு மருத்துவமனை பேச்சுப் பயிற்சிக்கு எந்தக் கம்பெனி லாபக் கணக்கு போடும்? அங்கே அரசுப் பணம்தான் வரணும்.

தமிழ்தான் உலகத்தின் மூத்த மொழின்னு பிரதமர் மேடைக்கு மேடை சொல்றார். கேட்க நல்லாத்தான் இருக்கு. அந்த 14,000 கோடியில தமிழும் மற்ற இந்திய மொழிகளும் மூளையில எப்படி இயங்குதுன்னு படிக்க எவ்வளவு? இந்தக் கேள்வியை உங்க தொகுதி எம்.பி.யை டேக் பண்ணிக் கேளுங்க. அவர் நம்ம கட்சியா இருந்தாலும் கேளுங்க. நாடாளுமன்றத்துல எழுப்ப வேண்டியவர் அவர்தான்.

#மூளை_ஆய்வுக்கு_நிதி_எங்கே