காமாலை என்று காத்திருக்க வேண்டாம்!

நேற்றுவரை ஓடியாடிய பிள்ளை திடீரென வெளிறிப் போகிறது. கண்கள் சற்றே மஞ்சளிக்கின்றன, முகம் வீங்குகிறது, சிறுநீர் குறைந்து, கருஞ்சிவப்பாக வருகிறது. அனந்தபுரம் போன்ற ஊர்களில் இதனைக் காமாலையெனக் கருதிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கவே முதலில் தோன்றும்.

ஆனால் இது 'ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம்' என்னும் அரிய நோயாகவும் இருக்கலாம். 1955-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் கேஸர் இதனை விவரித்தார். சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் உறைகட்டிகள் உண்டாகின்றன, அவ்வழியே செல்லும் சிவப்பணுக்கள் சிதைகின்றன, தட்டணுக்கள் குறைகின்றன, சிறுநீரகம் செயலிழக்கிறது.

சிலருக்கு இது இரத்தபேதியைத் தொடர்ந்து வரும். வேறு சிலருக்கோ உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும். இவ்விரண்டாம் வகையால் பாதிக்கப்பட்ட இந்தியச் சிறுவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரிடம், 'ஃபாக்டர் எச்' என்னும் காப்புப் புரதத்தை எதிர்க்கும் பொருள் இருப்பதை டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் கண்டறிந்துள்ளனர். இவர்களுக்குப் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் உரிய காலத்தில் கிடைத்தால் சிறுநீரகத்தைப் பெரும்பாலும் காத்துவிடலாம். தாமதித்தாலோ, டயாலிசிஸே கதியாகிவிடக் கூடும்.

ஆகவே பெற்றோர்களே! இவ்வறிகுறிகளைக் கண்டால் இரத்த அணுக்கள், கிரியேட்டினின், சிறுநீர் ஆகியவற்றை அன்றே சோதித்துவிடுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுவை ஜிப்மரும் எட்டாத தொலைவில் இல்லை.