சங்கத்துக்குக் கட்டடமா, கட்டடத்துக்குச் சங்கமா?

லாட்ஜ் என்றதும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் பிழைக்க வந்த தமிழருக்கு நினைவு வருவது வாடகை அறைதான். அதே பெயரில், உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொள்ளும் சங்கங்களும் உண்டு. பிரீமேசன் லாட்ஜ்கள் அத்தகையவை. தாங்கள் கூடும் மண்டபத்தின் மீது அவர்களுக்குள்ள பற்று பிரசித்தம். ஆயினும் அவர்களுடைய சரித்திரமே வேறோர் உண்மையை உணர்த்துகிறது.

சென்னைக் கடற்கரையில் காவல்துறைத் தலைமை இயக்குநரின் அலுவலகமாக விளங்கும் வெள்ளை மாளிகை, 1839-இல் மேசன்களின் லாட்ஜ் ஒன்று தனக்கென எழுப்பிய மண்டபமாகும். பின்னர் போலீஸ் இலாகா அதை வாடகைக்கு எடுத்தது; 1874-இல் அரசாங்கமே விலைக்கு வாங்கிவிட்டது. கட்டடம் கைமாறியதால் மேசன்கள் கலைந்துவிடவில்லை. எழும்பூரில் 1925-இல் அவர்களுக்கு வேறு மண்டபம் எழுந்தது.

இதற்குச் சான்று தேடிச் சென்னைக்குப் போக வேண்டியதுமில்லை. நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888-இல் ஸ்ரீ நாராயண குரு சிவப் பிரதிஷ்டை செய்தபோது அங்கே கோபுரமில்லை, மண்டபமில்லை. ஆற்றிலிருந்து எடுத்த கல் ஒன்றே இருந்தது. அக்கோயிலை நடத்தக் கூடிய சிறு குழுவே 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்தது. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். சிறுமி பஞ்சமியைச் சேர்க்க அவர் அழைத்துச் சென்ற ஊரூட்டம்பலம் பள்ளி தீக்கிரையாயிற்று. எரிந்தது போக எஞ்சிய பெஞ்சு ஒன்று அப்பள்ளியில் பாதுகாக்கப்படுகிறது. மக்கள் உண்மையில் பற்று வைப்பது சுவரின் மீதன்று, அங்கே நடந்ததன் மீதுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பால் தங்கிவிட்ட குடும்பங்களுக்கும், பின்னர் வேலை தேடி வந்தவர்களுக்கும் சங்கம் என்பது பொழுதுபோக்கன்று. நோய்க்கும் சாவுக்கும் கைகொடுப்பதும், மனு எழுதித் தருவதும், குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்தைக் காட்டுவதும் அதுவே.

அதற்குச் சொந்தக் கூரை வேண்டுமென்று ஆசைப்படுவதில் தவறில்லை. சொந்த இடமில்லாத சங்கம் செயலாளரின் வாடகை வீட்டோடு இடம் மாறும். அவருக்கு மாற்றல் வந்தால் பதிவேடும் பெட்டியோடு போய்விடும். கூலியிலும் சம்பளத்திலும் மிச்சம் பிடித்துக் கொடுத்த சந்தா செங்கல்லாகி நிற்கும்போது பாசம் வராமலா போகும்?

கட்டி முடித்த பிறகுதான் சோதனை வருகிறது. திறப்பு விழாக் கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்று சண்டை, கூடத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதிலேயே நாட்டம், படிப்பறைக்கோ பூட்டு. வாடகை வருகிறது, உறுப்பினர் வருவதில்லை. இந்நிலைக்கு வந்த சங்கம் தன் கட்டடத்துக்குக் காவலாளி ஆகிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

1945-இல் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளைக் கூட்டி பி. என். பணிக்கர் தொடங்கிய இயக்கம் மலையாளக் கிராமங்களில் வேரூன்றியது. சிறு கட்டடங்களே ஆனாலும் அவற்றில் ஆட்கள் கூடினர். தமிழ்ச் சங்கங்கள் இந்த அண்டை வீட்டுப் பாடத்தைக் கற்பது நலம்.

செய்ய வேண்டியவை எளியவை. இடம் தனி மனிதர் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். அதற்கென்றே 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டம் இருக்கிறது. வரவு செலவை ஆண்டுக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். வேலை முடிந்து வருவோர் உட்காரவும், பிள்ளைகள் தமிழ் படிக்கவும் நாள்தோறும் மாலையில் ஓர் அறையாவது திறந்திருக்க வேண்டும். அந்த விளக்கு எரிந்தால்தான் கொடுத்த சந்தாவுக்குப் பொருளுண்டு. நிர்வாகிகள் இதை மனத்திற்கொள்வார்களாக.