ஸ்கேன், சிகிச்சை முடிந்து பயணமா? இந்தக் கடிதத்தை மறக்காதீங்க!

நியூயார்க், மன்ஹாட்டன் சுரங்க ரயில் நிலையங்களில் 34 வயதுக்காரர் ஒருவரை போலீஸார் இரண்டு முறை மடக்கி, ஆடையைக் களைந்து சோதனை போட்டார்கள். அவரிடம் ஆயுதம் எதுவும் இல்லை. மூன்று வாரங்களுக்கு முன்பு தைராய்டு பிரச்னைக்கு எடுத்துக்கொண்ட கதிரியக்க அயோடின்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. 2002-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் அவருடைய மருத்துவர்களே இதை எழுதினார்கள்.

அயோடின்-131 ஒவ்வொரு 8 நாள்களுக்கும் பாதியாகத்தான் குறையும். அதனால், சிகிச்சை முடிந்து மூன்று மாதங்கள் வரைகூட கதிர்வீச்சைக் கண்டறியும் கருவிகள் அலறலாம். எலும்பு ஸ்கேனுக்கான டெக்னீசியம் 6 மணி நேரத்திலும், பெட் ஸ்கேனுக்கான ஃப்ளோரின்-18 சுமார் 110 நிமிடங்களிலும் பாதியாகிவிடும். எக்ஸ்ரே எடுத்தவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம்; உடம்பில் எதுவும் தங்காது.

அலாரம் அடித்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து என்று அர்த்தமில்லை. மிகக் குறைந்த கதிர்வீச்சையும் கண்டுபிடிக்கும் அளவுக்கு அந்தக் கருவிகள் நுட்பமானவை. ஆனாலும் குழந்தைகள், கர்ப்பிணிகளிடமிருந்து எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

விமான நிலையம், துறைமுகம், நாட்டு எல்லை வழியாகப் போகிறவர்கள், மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொடுத்த மருந்து, அளவு, தேதி, மருத்துவமனையின் தொலைபேசி எண் அதில் இருக்கட்டும். கதிர்வீச்சு இருக்கிறது என்பதைக் கருவி சொல்லிவிடும். ஏன் இருக்கிறது என்பதைக் கடிதம்தான் சொல்லும்.